அரக்கனாக ஓர் இரவு

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் பக்கம் போகிறவர்களுக்கு இன்று கழக்கூட்டம் என்றால் டெக்னோபார்க். 1990இல் வைத்தியன்குன்று என்ற மேட்டில் தொடங்கப்பட்ட இதுதான் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. ஆனால் பழைய திருவிதாங்கூரில் இந்த ஊர்ப்பெயரைச் சொன்னால் துரோகம்தான் நினைவுக்கு வரும். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற எட்டு நாயர் பிரபுக் குடும்பங்களில் ஒன்றின் இருப்பிடம் இது. ராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், செம்பழந்தி, வெங்ஙானூர், குடமண், பள்ளிச்சல் என்று நீளும் பட்டியலில் கழக்கூட்டத்துப் பிள்ளையும் உண்டு.

1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா இவர்களை ஒடுக்கினார். ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள், வீடுகளை இடித்து அந்த மனைகளில் குளம் தோண்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சங்குண்ணி மேனோன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு பிள்ளைமாரை ராஜத்துரோகிகளாக நிறுத்தியது. 1891இல் சி.வி. ராமன்பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவல் அந்தச் சித்திரத்துக்கு முகமும் குரலும் கொடுத்து வீடுவீடாகக் கொண்டுபோனது. எட்டு வீடுகளும் உண்மையில் ஒரே அணியாக நின்றனவா, மரபுக்கதை சொல்லும் குற்றங்களுக்கெல்லாம் சான்று உண்டா என்ற கேள்விகளைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுப்பியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த வீட்டில் பிறந்தவன் என்றாலே குணம் இன்னது என்று முடிவாகியிருந்தது.

நாஞ்சில் நாட்டில் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பிள்ளைமாரின் துணையோடு மார்த்தாண்டவர்மாவை எதிர்த்து நின்று கொல்லப்பட்ட, முந்தைய அரசரின் மகன்களான தம்பிமாரின் கதையைத் தமிழில் வில்லுப்பாட்டாகப் பாடினார்கள். 'தம்பிமார் கதை'யில் கேட்பவரின் பரிவு செத்தவர்கள் பக்கம் சாய்கிறது. அரண்மனையின் ஏட்டில் துரோகி, வில்லுப்பாட்டில் பரிதாபத்துக்குரியவன்: ஒரே ஆளுக்கு இரண்டு முகம்.

பிறப்பு குணத்தைத் தீர்மானிக்கிறதா என்ற இந்தக் கேள்வி 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விளையாட்டின் விதியாக எழுதப்பட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அந்த ஆண்டு மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கதைக்குள் நடக்கிறார்கள். மனிதனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் புதுமை. வனத்தில் வாழும் எல்ஃப், மலையைக் குடையும் ட்வார்ஃப், உருவில் சிறிய ஹாபிட் என ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதையுலகிலிருந்து இறங்கிவந்த இனங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். டோல்கீன் உரிமைதாரர்களின் எதிர்ப்பு வந்த பிறகு ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது.

கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வார நாள் முழுவதும் ஒரே பெயர், ஒரே உடம்பு, ஒரே அடையாள அட்டையோடு திரிகிற ஒருவருக்கு மூன்று மணி நேரம் எழுநூறு வயதான எல்ஃபாக இருக்கக் கிடைக்கிறது. எழுநூறு ஆண்டு வாழ்கிறவன் கடனைப் பற்றி என்ன நினைப்பான்? வெளிச்சம் இல்லாமலே பார்க்கத் தெரிந்தவனுக்கு இருட்டு பயமாக இருக்குமா? நன்றாக ஆடப்படும் ஆட்டத்தில் இந்தக் கேள்விகள்தான் சுவை. 2017இல் வெளியான ஒரு தரவு இதைக் கொஞ்சம் கேலி செய்தது. 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற இணையக் கருவியில் மக்கள் உருவாக்கிய பாத்திரங்களை எண்ணிப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது மனித வீரன். எதுவாகவும் ஆகலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் பெரும்பாலோர் வாளெடுத்த மனிதனாகவே வெளியே வருகிறார்கள்.

சிக்கல் விதிப்புத்தகத்தில்தான். 1974 புத்தகத்தில் ட்வார்ஃப் வீரனாக மட்டுமே இருக்கலாம், அதுவும் முன்னேற்றப் படிகளில் ஆறாம் நிலை வரைதான். ஹாபிட்டுக்கு நான்காம் நிலை எல்லை. மனிதனுக்கு மட்டும் எல்லை கிடையாது. 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. அதில் மனிதர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பூசாரியாகவோ ஆகலாம். எல்ஃப் என்றால் எல்ஃப்தான், இனமே தொழில். 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் எந்த இனம் எதை விரும்பும், எதைப் பொறுத்துக்கொள்ளும், எதை வெறுக்கும் என்று கட்டம் போட்டு ஓர் அட்டவணையே இருந்தது. ஓர்க் என்ற கொடிய இனத்துக்கும் மனிதனுக்கும் பிறந்த அரை ஓர்க், பூசாரியானால் நான்காம் நிலையோடு நிற்க வேண்டும். வீரனானால் பத்து. வரம்பே இல்லாமல் அவன் முன்னேறக்கூடிய தொழில் ஒன்றுதான் இருந்தது: கூலிக்குக் கொலை செய்வது. 1953இல் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி ராஜாஜியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தமிழ்நாட்டில் இந்த அட்டவணையை யாரும் புரிந்துகொள்ளச் சிரமப்பட மாட்டார்கள்.

எழுதியவர்களின் நோக்கம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். நீண்ட ஆயுளும் இருளில் பார்வையும் கொண்ட எல்ஃபுக்கு மனிதனைப் போலவே எல்லையற்ற வளர்ச்சியும் கொடுத்தால் யாரும் மனிதனாக ஆட மாட்டார்கள் என்பது கைகாக்ஸின் கவலை. ஆட்டத்தின் தராசுக்காக வைத்த எடைக்கல் அது. ஆனாலும் ஒரு கற்பனை உலகத்தில் ஒவ்வோர் இனமும் எவ்வளவு உயரலாம் என்று பிறப்பைப் பார்த்து எழுதிவைத்தால், படிக்கிறவர் அதைத் தராசாகப் படிப்பதில்லை. உலகம் அப்படித்தான் என்று படிக்கிறார். அந்த நிலை வரம்புகள் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் முழுதாக நீங்கின.

நம்மூர் ராட்சசனும் இந்த ஆட்டத்துக்குள் போயிருக்கிறான், அதுவும் விசித்திரமான வழியில். 1974 டிசம்பரில் 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. சிகாகோவில் ஒரு ராட்சசன், எதிரே நிற்பவர் நம்பும் ஆளின் உருவத்தில் தோன்றிக் கொன்று தின்கிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பால்தான் அவனை வீழ்த்த முடியும். அடுத்த ஆண்டு ஆட்டத்தின் சார்பில் வந்த சிறு இதழில் ராட்சசன் ஒரு பூதமாக இடம்பெற்றான். உருமாற்றமும் அம்பும் அப்படியே இருந்தன. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' அவனுக்குப் புலித்தலையும் கையில் புகைக்குழாயும் தந்து படம் போட்டது. குணம் தீயது என்று ஒரு வரியில் எழுதிவிட்டது. வேதம் ஓதிய ராவணனோ, அரக்கர் குலத்தில் பிறந்தும் ராமன் பக்கம் சேர்ந்த விபீடணனோ அந்த வரிக்குள் நுழைய வழியில்லை.

அரக்கனை மனிதன் ஆடிப் பார்க்கும் வழக்கம் திருவனந்தபுரத்தில் அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே அரண்மனைக் கலையாக இருந்தது. எட்டு வீடுகளை அழித்த மார்த்தாண்டவர்மாவின் சகோதரி மகன் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. தர்மராஜா என்று அழைக்கப்பட்ட அவர் 1758 முதல் 1798 வரை ஆண்டார். நாட்டிய சாஸ்திரத்தை ஒட்டி 'பாலராம பரதம்' என்ற நூலையும் கதகளிக்கு ஏழு ஆட்டக்கதைகளையும் எழுதியவர் அவர். அவற்றில் ஒன்று 'நரகாசுரவதம்'. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற தமிழர்களுக்கு நரகாசுரன் என்றால் செத்துப்போனவன் என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. ராஜாவின் ஆட்டக்கதையில் அவன் மனைவியோடு தோட்டத்தில் மயிலாடக் கண்டு அதன் அழகில் தோய்கிறான். நடிகர் தன் உடலாலேயே மயிலாகி ஆடும் அந்தப் பகுதிக்குக் கேகியாட்டம் என்று பெயர். அதைப் பார்ப்பதற்காகவே விடியவிடிய விழித்திருப்பார்கள். துரோகிகள் என்று எட்டு வீடுகளுக்கு முத்திரை குத்திய பரம்பரையில் வந்த ஒருவர் அசுரனுக்கு இத்தனை நேரம் ஒதுக்கினார் என்பது யோசிக்க வைக்கிறது.

கதகளியில் பாத்திரங்கள் வேஷங்களாகப் பிரிக்கப்படுகின்றன. பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்பவை முக்கியமானவை. தாடியில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் விஸ்கான்சின் அட்டவணையைப் போலத்தான் தோன்றும்: நல்லவர் பச்சை, கெட்டவர் கத்தி, அரக்கி கரி. கொஞ்சம் நெருங்கிப் போனால் கணக்கு பிசகுகிறது. ராவணன் அரக்கன், கத்தி வேஷம். கீசகன் மனிதன், விராட நாட்டுச் சேனாதிபதி, அவனும் கத்தி. துரியோதனன் சந்திரகுலத்து க்ஷத்திரியன், அவனும் கத்தி. ஆனால் அவன் தம்பி துச்சாதனன் சிவப்புத் தாடி. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவர் அணியறையில் வேறுவேறு பெட்டியில் போய் விழுகிறார்கள். வாலியும் சுக்ரீவனும் சிவப்புத் தாடி, அதே வானரக் குலத்து அனுமன் வெள்ளைத் தாடி. பூதனை கோரமான அரக்கிதான். ஆனால் கார்த்திகைத் திருநாளின் மருமகன் அசுவதித் திருநாள் எழுதிய 'பூதனாமோட்ச'த்தில் அவள் வருவது அழகிய மினுக்கு வேஷத்தில். குழந்தைக் கண்ணனைத் தூக்கிக் கொஞ்சி, கொல்ல மனம் வராமல் தவித்து, கம்சனின் ஆணையை நினைத்துக்கொண்டு முலை கொடுக்கிறாள். பிறப்பை வைத்து வேஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கத்தியின் முகத்தைக் கவனித்தால் இந்த யோசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது புரியும். அடிப்பூச்சு பச்சை. மனையோலையின் மஞ்சளும் நீலமும் கலந்து குழைத்த, அர்ஜுனனுக்கும் நளனுக்கும் பூசுகிற அதே பச்சை. அதன் மேல் கன்னத்தில் மேல்நோக்கி வளைந்த கத்திபோல் சிவப்பு வரை, அதற்கு வெள்ளை விளிம்பு, மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகள். நாயகனின் நிறத்தை உள்ளே வைத்துக்கொண்டே அதன் மேல் அகங்காரத்தை எழுதுகிறார்கள். தாடையைச் சுற்றி அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துச் சுட்டி கட்டுவார்கள்; பிற்காலத்தில் காகிதமும் சேர்ந்தது. நடிகர் மல்லாந்து படுத்திருக்க சுட்டிக்காரர் மணிக்கணக்கில் குனிந்து வேலை செய்வார். கண் சிவக்கச் சுண்டப்பூவின் விதையை இமைக்குள் வைப்பார்கள். அரக்கனாவது அவ்வளவு லேசான காரியமில்லை.

அரங்குக்கு வந்த பிறகும் வேஷம் நடிகரைப் பிடித்தே வைத்திருக்கும். பச்சை வேஷம் வாய் திறந்து ஒலி எழுப்பக் கூடாது. கத்தி உறுமலாம், அலறலாம். அவன் நேரடியாக மேடைக்கு வருவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று கர்ஜிக்கிறான். விரல்கள் திரையின் விளிம்பைப் பற்றுகின்றன. கிரீடம் தெரிகிறது, மறைகிறது. ஆட்டவிளக்கின் சுடருக்கு மேலே இரண்டு சிவந்த கண்கள் மட்டும் தெரிகின்றன. இதற்குத் திரநோட்டம் என்று பெயர். அதே ராவணன் உடனேயே மெதுவான சிருங்காரப் பதத்தில் இறங்குவான். முன்வரிசைப் பாட்டி அசந்துபோகும் அளவுக்கு நளினமாகக் காதல் செய்வான். மேசை ஆட்டக்காரர்கள் அடிக்கடி புலம்பும் ஒரு குறை இங்கே எழவே எழாது. எல்ஃப் என்று தாளில் எழுதிக்கொண்டு, காது கூர்மையான மனிதனாகவே ஆடிவிட்டு, பகடையில் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளும் சோம்பல்தான் அந்தக் குறை. கதகளியில் வேஷம் மாறினால் மூச்சு, நடை, கண், குரல் எல்லாம் மாறியாக வேண்டும். புள்ளி எதுவும் கிடைக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் அரசரின் ஆதரவோடு கப்ளிங்ஙாட்டு நம்பூதிரி செய்த சீர்திருத்தங்களில் கத்தி போன்ற எதிர்நாயக வேஷங்களுக்கு அரங்கில் கூடுதல் எடை கிடைத்தது. கதகளியின் தென்மரபு அந்தச் சுவடைக் காப்பாற்றிவந்தது. வலியகொட்டாரக் கதகளி யோகம் என்ற அரண்மனைக் குழுவில் ஆடிய குரு செங்ஙன்னூர் ராமன்பிள்ளை (1886–1980) கத்தி வேஷத்தால்தான் புகழடைந்தார். அவருடைய சீடர், திருவனந்தபுரம் மாவட்டத்து மடவூரைச் சேர்ந்த மடவூர் வாசுதேவன் நாயர். பத்மபூஷண் பெற்ற அவர் 2018 பிப்ரவரி 6 அன்று அஞ்சல் அருகே அகஸ்தியக்கோடு மகாதேவர் கோயிலில் 'ராவணவிஜய'த்தில் ராவணனாக ஆடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து இறந்தார். வயது 88. அந்த வயதில் அவர் தேர்ந்திருந்த வேஷம் ராமன் இல்லை என்பதைக் கதகளி பார்க்கிறவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு கரி வேஷத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. கரி என்றால் முகம் முழுக்கக் கறுப்பு, உடையும் கறுப்பு. சூர்ப்பணகை, 'நரகாசுரவத'த்தின் நக்ரதுண்டி, கோட்டயத்துத் தம்பிரானின் 'கிர்மீரவத'த்தில் வரும் சிம்மிகை எல்லாம் இந்த வகை. கண்ணாடி பார்த்து அலங்கரித்துக்கொள்வதாக இவர்கள் நடிக்கும்போது அரங்கு சிரிக்கும். கறுத்தவள், தன்னை அழகி என்று நம்புகிறாள் என்பதே நகைச்சுவை. ஆசைப்பட்டு உயர்குலத்து ஆணிடமோ பெண்ணிடமோ நெருங்கினால் முடிவு ஒன்றுதான்: மூக்கும் முலையும் அறுபட்டு, ரத்தம் வழிய அலறிக்கொண்டு சபை நடுவே ஓட வேண்டும். வேடனுக்கு வாய்த்தது கறுப்புத் தாடி. 'கிராத'த்தில் சிவனே வேடனாக வரும்போதும் கறுப்புக்குள்தான் நுழைகிறார். காட்டில் வாழ்கிறவர்களுக்கு என்ன நிறம், நாட்டில் ஆள்கிறவர்களுக்கு என்ன நிறம் என்பதை இந்தக் கலை மிகத் தெளிவாக முடிவு செய்திருந்தது. ராவணனுக்கும் நரகாசுரனுக்கும் கிடைத்த பெருந்தன்மைக்கு ஒரு தகுதி தேவைப்பட்டது. அவர்கள் ராஜாக்கள்.

வேஷம் கட்ட யாருக்கு உரிமை என்பது அடுத்த பூட்டு. அரக்கனாகவோ தேவனாகவோ ஆகலாம், ஆனால் அப்படி ஆக ஆணாக, குறிப்பிட்ட சாதிகளில் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுங்கால நடைமுறை. வள்ளத்தோள் நாராயண மேனோன் முயற்சியில் 1930இல் கேரள கலாமண்டலம் தொடங்கப்பட்டது. அங்கே கதகளிப் பாட்டுப் படித்த கலாமண்டலம் ஹைதரலி (1946–2006) முஸ்லிம்; எத்தனையோ பேர் அவர் குரலுக்கு ஏங்கினார்கள், ஆனால் கோயில் வளாக அரங்குகள் பல அவருக்கு மூடியே இருந்தன. பெண்களைப் பொறுத்தவரை கொல்லம் மாவட்டத்தின் சவறா பாருக்குட்டி போன்றவர்கள் தனியாகப் போராடி வேஷம் கட்டினார்கள். 1975இல் திருப்பூணித்துறையில் பெண்களே ஆடும் குழு ஒன்று உருவானது. கலாமண்டலம் தன் கதகளி வகுப்பில் மாணவிகளைச் சேர்த்தது 2021இல்தான், நிறுவனம் தொடங்கித் தொண்ணூறு ஆண்டு கழித்து. இந்த விஷயத்தில் விஸ்கான்சின் ஆட்டத்தைக் குறை சொல்ல நமக்கு அதிக யோக்கியதை இல்லை. 1978இன் விதிப்புத்தகம் பெண் பாத்திரங்களின் உடல்வலுவுக்கு ஆண்களுடையதைவிடத் தாழ்ந்த உச்சவரம்பு வைத்திருந்ததே, அதோடு சேர்த்துப் பேசலாம்.

அரக்கர் என்பது ஒரு நிஜ இனத்தைக் குறிக்கிறது என்றால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியும் திருவனந்தபுரத்தில்தான் கேட்கப்பட்டது. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்து, பேரூர்க்கடையில் தன் ஆசிரியர் ஹார்வியின் பெயரில் வீடமைத்து வாழ்ந்த பெ. சுந்தரம் பிள்ளையைத் தமிழ்நாடு 'மனோன்மணீயம்' ஆசிரியராகவும் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்தவராகவும் அறியும். சி.வி.யின் நாவல் வந்த அதே 1891இல்தான் அந்த நாடகமும் வந்தது. ராமாயணத்தைப் பற்றி அவருக்கு ஒரு கடுமையான கருத்து இருந்தது. நாகரிகத்தில் தங்களுக்கு இணையாக நின்ற தென்னாட்டுத் திராவிடரைக் கேவலமாகக் காட்டி ஆரியர் தம் வீரத்தைப் பறைசாற்றிய நூல் அது என்பது அவர் எண்ணம். 1897இல் அவர் மறைந்த பிறகு, வெ.ப. சுப்பிரமணிய முதலியார் அந்தக் கருத்துகளை விரித்து ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1908இல் 'தமிழியன் ஆன்டிகுவரி' இதழில் வெளியானது. திராவிட இயக்கம் பின்னர் கையிலெடுத்த ராமாயண விமர்சனத்துக்கு இது ஒரு முன்னோடி.

அதன் பிறகு நடந்தது தெரிந்த கதை. பெரியார் ராமாயணத்தைப் பாத்திரம் பாத்திரமாக உரித்துக் காட்டினார். எம்.ஆர். ராதா மேடையில் ராமாயணத்தைப் புரட்டிப்போட்டார். புலவர் குழந்தை ராவணனை நாயகனாக்கி எழுதிய 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது. தடை நீங்க 1971 ஆனது. ஒரு புராணத்தின் அரக்கர் குலம் யாரைப் பார்த்து வரையப்பட்டது என்று கேட்க ஆரம்பித்தால், கேட்பவர் தன் முகத்தை அங்கே கண்டுவிடுகிறார். கண்ட பிறகு அது கதைதானே என்று யாராலும் அவரைச் சமாதானப்படுத்த முடியாது. இந்தப் படிப்பிலும் ஒரு பொறி உண்டு. அரக்கர் ஓர் இனம், அந்த இனம் நாம் என்று சொல்லும்போது, குணம் குலத்தோடு வரும் என்ற பழைய கணக்கு அழிவதில்லை. கூட்டலும் கழித்தலும் மட்டும் இடம் மாறுகின்றன. 'இராவண காவிய'த்தின் ராவணனைவிட, காதலும் கர்வமும் ஒரே முகத்தில் ஆடும் கதகளி ராவணனே ஆழமான பாத்திரம் என்று இக்கட்டுரைக்குத் தோன்றுகிறது. அரசியலாக எது அப்போது தேவைப்பட்டது என்பது வேறு விவகாரம்.

அமெரிக்க மேசைகளில் இதே கேள்வி எழ நாளானது. ஓர்க்குகள் முழுக்கத் தீயவர்களாகப் படைக்கப்பட்டிருக்க முடியுமா என்று டோல்கீனே தன் கடைசிக் காலம் வரை குழம்பினார். கத்தோலிக்கரான அவருக்கு மீட்சியே இல்லாத ஒரு பிறவியை ஏற்க முடியவில்லை. ஆட்டத்தில் நிலத்தடியில் வாழும் கரிய நிற ட்ரோ எல்ஃப்கள் கொடூரர்களாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1988இல் ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய நாவலில் ட்ரிஸ்ட் என்ற நல்ல ட்ரோ வந்ததும் இளைஞர்கள் கூட்டம்கூட்டமாக அவனைப் போலவே ஆட விரும்பினார்கள். தன் குலத்தின் பேரைத் தனியாளாக மாற்றப் போகிறவன்: விபீடணனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய ஆள்தான். ஆனால் விதிவிலக்கான ஒருவன் நல்லவனாக இருப்பதே மற்றவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்ற விதியை இறுக்குகிறது என்பது சிலருக்கு மெல்ல உறைத்தது.

2020 ஜூனில் வெளியீட்டாளர்களான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஓர்க்கையும் ட்ரோவையும் சித்தரித்த விதம் நிஜ உலக இனவெறியின் சாயலைக் கொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த துணைநூல் ஒன்று, இனத்தோடு ஒட்டியிருந்த பலம், அறிவு போன்ற கூடுதல் புள்ளிகளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. திருந்திவிட்டார்கள் என்று சொல்வதற்குள் 2022 வந்தது. விண்வெளிச் சாகசங்களுக்கான ஒரு புத்தகத்தில் ஹடோசீ என்ற குரங்கு முகத்தவர்களை இடம்பெறச் செய்தார்கள். ஒரு மந்திரவாதி விலங்குகளைப் பிடித்து அறிவூட்டி அடிமைகளாக விற்கவிருந்தான், அவனுடைய சீடர்கள் அவர்களை விடுவித்தார்கள் என்பது அவர்களின் பூர்வகதை. கறுப்பின மக்களை அடிமைகளாக்கியவர்கள் சொன்ன கேலிகளின் எதிரொலி அதில் அப்படியே கேட்டது. செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார்கள். கடலைத் தாண்டிய ஒரு வானரனைக் கோயில் கட்டிக் கும்பிடுகிற நாட்டில் யாராவது அந்தக் கைப்பிரதியைப் படித்திருந்தால், குரங்கு உருவத்துக்கு வேறு எப்படியெல்லாம் கதை சொல்லலாம் என்று கேட்டிருப்பார்கள்.

2024இல் வந்த புதிய விதிப்புத்தகம் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிட்டது. பலம், அறிவுக்கான கூடுதல் புள்ளிகள் பாத்திரத்தின் வளர்ப்பையும் முன்தொழிலையும் சார்ந்து கிடைக்கும் என்று மாறியது. ஓர்க் நேரடியாகவே ஆடத்தக்க உயிரானது. கலப்பில் பிறந்த அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். பழைய புத்தகத்தில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பாதி, அரை என்று மனிதரைப் பின்னமாகச் சொல்வது நன்றாக இல்லை என்று ஒரு தரப்பு. இரண்டு மரபுக்கு நடுவே வளர்ந்தவர்கள் தங்களைக் கண்டுகொண்ட ஒரே இடத்தையும் அடைத்துவிட்டார்கள் என்று எதிர்த் தரப்பு. தீர்வு இல்லாமல் அந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஒரு பதில் கழக்கூட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, எட்டு வீடுகளில் இன்னொன்றின் ஊரான செம்பழந்தியில் 1856இல் பிறந்தவரிடம் இருக்கிறது. நாராயண குரு தமிழ் கற்றுத் தமிழிலும் பதிகம் பாடியவர், திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர். சாதியைப் பற்றி அவர் எழுதிய சிறு பாடல் நூல்களில் ஒன்று 'ஜாதிலட்சணம்'. அதில் வேதாந்த விசாரத்துக்குப் போகாமல், உயிரியல் மாணவர் கேட்பதுபோன்ற ஒரு சோதனையை வைத்தார். கூடிப் பிள்ளை பெறக்கூடியவை எல்லாம் ஒரே ஜாதி. கூடிப் பெறாதவை வேறு ஜாதி. மாடு ஒரு ஜாதி, மனிதர் ஒரு ஜாதி. நாயருக்கும் ஈழவருக்கும் பறையருக்கும் இடையே இந்தச் சோதனையில் ஒரு கோடும் விழாது. எந்த ஊர், எந்தத் தொழில், என்ன பேர் என்று கேட்கலாம்; என்ன ஜாதி என்று கேட்க வேண்டியதில்லை, உடம்பே பதில் சொல்லிவிட்டது என்பது அவர் வாதம்.

அந்தச் சோதனையை விதிப்புத்தகத்தின் மேல் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. மனிதருக்கும் எல்ஃபுக்கும் பிள்ளை பிறக்கிறது. மனிதருக்கும் ஓர்க்குக்கும் பிறக்கிறது. டோல்கீனின் எல்ரோண்டே மனிதர், எல்ஃப் என இரண்டு வழியிலும் வந்தவன்தான். அப்படியானால் 1978இல் ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாக அட்டவணை போட்டுக் காட்டிய எல்ஃபும் அரை ஓர்க்கும் குருவின் கணக்கில் ஒரே ஜாதி. பத்தாம் நிலை, நான்காம் நிலை என்ற வரம்புகள் ஒரே குடும்பத்துக்குள் போட்ட வேலிகள். உண்மையிலேயே வேறு ஜாதி என்று சொல்லத்தக்கவர்கள் 2004இல் 'எபரான்' என்ற கதையுலகில் வந்த வார்ஃபோர்ஜ்டுகள் போன்றவர்கள்தான். இரும்பும் மரமும் கல்லும் சேர்த்து, போருக்கென்று பட்டறையில் செய்யப்பட்ட ஆட்கள் அவர்கள். பிள்ளை பெற மாட்டார்கள், வயதாகாது. போர் முடிந்து விடுதலை கிடைத்த பிறகு என்ன வேலை செய்வது என்று தெரியாமல் ஊர் ஊராக அலைகிறார்கள். குரு கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அவர்களிடம் பதில் உண்டு: ஊர் பட்டறை, தொழில் போர், பேர் பிறர் வைத்தது அல்லது அவர்களே வைத்துக்கொண்டது.